சில்க்போர்க்கில் ஒரு பெட்டி கிமோனோ

டென்மார்க்குக்கு வந்த முதற் குளிர்காலத்தில் எங்கள் வீட்டு ஆண்கள் ஜப்பானியப் பெண்களின் பட்டை உடுத்திக்கொண்டுதான் மீன் பொரித்தார்கள். இதை எங்கே தொடங்கிச் சொன்னாலும் கேட்பவர்கள் நான் கதை விடுவதாகவே நினைக்கிறார்கள். அதனால் ஜன்னலிலிருந்து தொடங்குகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. சில்க்போர்க்கில் எங்களுக்குக் கிடைத்த வீடு மேல்மாடியில் இருந்தது. நான், என் கணவர், மாஸ்டர் என்று மூன்று பேர். மாஸ்டர் எங்களுக்குச் சொந்தமில்லை. யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்தவர். மனைவி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்து, அகதி முகாமில் என் கணவரோடு ஒரே அறையில் இருந்து பழகியவர், அப்படியே எங்களோடு வந்துவிட்டார். கீழ்வீட்டில் தனியாக ஒரு டெனிஷ் மனிதர் இருந்தார். நாங்கள் முதன்முதலாக மிளகாய் வறுத்த அன்று அவர் மேலே ஏறி வந்து, மிகுந்த பணிவோடு, சமைக்கும்போது ஜன்னலைத் திறந்து வைக்க முடியுமா என்று கேட்டார். நாங்களும் மிகுந்த பணிவோடு தலையாட்டினோம். தை மாதத்தில் ஜன்னலைத் திறந்து வைத்துச் சமைப்பது என்றால் என்னவென்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். இரு தரப்பிலும் பணிவு குறையவில்லை. வெப்பமூட்டி ஒரு பக்கம் கொதிக்க, மறுபக்கம் பனிக்காற்று வந்து குசினியில் உட்கார்ந்துகொள்ளும். மாஸ்டர் சாரத்துக்கு மேல் இரண்டு சுவெட்டரும் தலையில் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு வெங்காயம் வெட்டுவார்.

மொழிப்பள்ளி இல்லாத நாட்களில் நான் தேவாலயத்தார் நடத்திய பழைய சாமான் கடையில் வேலை பழகினேன். கடையைப் பார்த்துக்கொண்டவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. நெடிய மனுசி, நல்ல மனம், எதையும் ஒரு தடவைதான் யோசிப்பார். ஒருநாள் கிழக்குக் கடல்களில் கப்பலோடிய ஒருவரின் வீட்டைக் காலி செய்தபோது கிடைத்ததென்று ஒரு பெரிய மரப்பெட்டி வந்தது. திறந்ததும் கற்பூர வாசம். உள்ளே மடித்து மடித்துப் பட்டுத் துணிகள்.

ஆசிரியை ஒன்றை எடுத்து உதறிப் பார்த்தார். முன்பக்கம் திறந்த நீள அங்கி, இடுப்பில் கட்டுவதற்குப் பட்டி. யோசித்து முடித்துவிட்டார். ஒரு மட்டையில் 'மோர்ன்கோப' என்று எழுதினார். காலையில் படுக்கையால் எழும்பி, கோப்பி குடிக்கும் வரைக்கும் மேலே போட்டுக்கொள்ளும் அங்கிக்கு டெனிஷில் அதுதான் பேர். துவாய்த் துணியில் தைத்த மோர்ன்கோபக்களுக்கு நடுவே அந்தப் பட்டுகள் பல கிழமை தொங்கின. வந்த பெண்கள் போட்டுப் பார்த்தார்கள். எல்லோருக்கும் கை முழங்கையோடு நின்றது, கீழ்விளிம்பு கணுக்காலுக்கு வெகு மேலே நின்றது. வளர்ந்த பிள்ளை போன வருடச் சட்டைக்குள் புகுந்த மாதிரி இருந்தது. கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திருப்பித் தொங்கவிட்டுப் போனார்கள்.

கடைசியில் ஆசிரியை சொன்னார்: "இவற்றை நீயே எடுத்துப் போ. உங்களுடைய உடைதானே."

"இது ஜப்பான். நான் இலங்கை," என்றேன்.

"ஆமாம், ஆமாம்," என்று அன்போடு என் தோளில் தட்டினார். "கிழக்கு."

இலங்கைக்கும் ஜப்பானுக்கும் இடையில் எவ்வளவு கடல் கிடக்கிறது என்று சொல்வதற்கு அப்போது என்னிடம் டெனிஷ் இல்லை. இருந்திருந்தாலும் பயனில்லை. பெட்டியை அவர் என் சைக்கிளின் பின்னால் கட்டத் தொடங்கியிருந்தார்.

வீட்டில் பெட்டியைத் திறந்ததும் மாஸ்டர் குனிந்து பார்த்தார்.

"என்ன பிள்ளை உது? கோயில் திரைச்சீலையோ?"

"உடுப்பு மாஸ்டர். ஜப்பான்காரற்றை."

"ஆம்பிளையள் உடுக்கிறதோ, பொம்பிளையள் உடுக்கிறதோ?"

"ஆருக்குத் தெரியும்?"

"குளிருக்குப் பிடிக்குமோ?" என்றார் என் கணவர்.

அந்த ஒரு கேள்விக்குத்தான் அங்கேயே பதில் இருந்தது. பட்டு, உள்ளே இன்னொரு பட்டு, இடையில் சிலவற்றுக்கு மெல்லிய பஞ்சு. சுவெட்டருக்கு மேல் போட்டுப் பார்த்தார்கள். டெனிஷ்காரருக்குப் போதாமல் போன நீளம் எங்கள் ஆட்களுக்கு அளவெடுத்துத் தைத்தது போல நின்றது. மாஸ்டர் கறுப்பில் ஒன்றைத் தெரிந்தெடுத்தார். ஆசிரியர் தொழிலுக்கு அடக்கமான நிறம் என்பது அவர் எண்ணம். தோளிலும் முதுகிலும் கையிலும் சின்னச் சின்ன வெள்ளை முத்திரைகள், மேலே வேறொன்றுமில்லை. முழங்காலுக்குக் கீழேதான் பொன்னிறக் கொக்குகள் கூட்டமாகப் பறந்தன. என் கணவர் எடுத்தது செங்கபில நிறம், கைகள் மட்டும் முழங்காலைத் தாண்டித் தொங்கின. முதல் நாளே ஒரு கை தேங்காய்ப்பால் சொதிக்குள் போய்விட்டது.

அதன்பிறகு மாஸ்டர் கொடிக் கயிற்றில் ஒரு துண்டு வெட்டி, முதுகில் குறுக்காகப் போட்டு அங்கியின் கைகளை இழுத்துக் கட்டிக்கொண்டுதான் அடுப்படிக்குப் போவார். கைக்கு அடியில், கமக்கட்டுப் பக்கமாக ஒரு துவாரம் திறந்தபடி இருந்தது. "தைக்கிறவன் மறந்திட்டான்," என்றார் முதலில். பிறகு அது சொறிவதற்கு வசதியாக இருப்பதைக் கண்டுபிடித்து, ஜப்பான்காரர் எதையும் காரணமில்லாமல் செய்யமாட்டார்கள் என்றார். கையின் தொங்கும் பை சிகரெட்டுக்கும் நெருப்புப் பெட்டிக்கும் இடமானது. பின்னேரங்களில் இருவரும் பட்டுச் சரசரக்க, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கானாங்கெளுத்தி பொரிப்பார்கள். கீழ்வீட்டு மனிதர் ஒருமுறை ஏதோ கேட்க வந்து, கதவைத் திறந்த மாஸ்டரை மேலிருந்து கீழே பார்த்து, கேட்க வந்ததைக் கேட்காமலே இறங்கிப் போனார்.

ஆண்கள் குளிருக்கு உடுத்தார்கள். நான் பகலில் தனியாக இருந்து அவற்றைப் பார்த்தேன்.

பெட்டியில் ஒரு குட்டையான மேலங்கி இருந்தது. வெளியே வெறும் கறுப்பு, ஒரு புள்ளிகூட இல்லை. பிரேதம் எடுக்கப் போகிறவர் போடுவது போல இருந்ததால் யாரும் தொடவில்லை. ஒருநாள் காற்றாட விடலாமென்று உட்புறத்தை வெளியே புரட்டினேன். முதுகின் உட்பக்கம் முழுவதும் மலையும், மேகமும், ஆற்றில் ஒரு படகும், படகுக்குள் குடையோடு ஒரு ஆளும். தூரிகையால் வரைந்திருந்தார்கள். உடுத்தியவருக்கே தெரியாது, கழற்றும்போது பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் ஒரு கணம் தெரியும். கணவர் வேலையால் வந்ததும் காட்டினேன். அவர் கோழி வெட்டும் தொழிற்சாலையில் பகல் முழுவதும் நின்றுவிட்டு வந்திருந்தார்.

"இவ்வளவு வேலை செய்து போட்டு ஏன் உள்ளுக்கை வைச்சுத் தைச்சிருக்கிறாங்கள்?" என்றார்.

"மற்றவைக்குக் காட்டுறதுக்கு இல்லைப் போல."

அவர் படகை விரலால் தொட்டுப் பார்த்தார். "எங்கடை சனமெண்டால் திருப்பிப் போட்டுக்கொண்டு திருவிழாவுக்குப் போயிருக்கும்," என்றார். எங்கள் சனத்தைத் திட்டினாரா மெச்சினாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இன்னொன்றில் நீலத்தில் வெள்ளையாக வளைவு மேல் வளைவு, வளைவு மேல் வளைவு என்று துணி முழுவதும் ஒரே கோலம். மன்னார்க் கரையில் வளர்ந்த எனக்கு அது மீன் செதிள். கடை ஆசிரியையிடம் காட்டியபோது, "ஓட்டுக் கூரை, எவ்வளவு அழகு!" என்றார். மாஸ்டர் அரைவட்டங்கள் என்று சொல்லி, ஆரையைக் கணக்கிடத் தொடங்கினார். வேறொன்றில் சிவப்பில் கடுகுக் கடுகாய் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்திருந்தார்கள். தடவினால் குளிரில் புல்லரித்த தோல் மாதிரி இருந்தது. சொதி பட்ட கையைக் கழுவுவதற்காகத் தையலைப் பிரித்தபோதுதான் இன்னொன்றும் தெரிந்தது. ஒரு இடத்தில்கூடத் துணியை வளைத்து வெட்டவில்லை. எல்லாம் நேர்த் துண்டு. எல்லாத் தையலையும் பிரித்துவிட்டால் திரும்பவும் ஒரு நீளத் துணியாகிவிடும். வெட்டாத துணியை உடம்பில் சுற்றிப் பழகிய எனக்கு, அந்தத் துணி ஏதோ தூரத்துச் சொந்தம் போலப் பட்டது. ஆசிரியை சொன்ன 'கிழக்கு' முழுப் பிழையில்லையோ என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு கோபம் வந்தது.

மொழிப்பள்ளியில் என் பக்கத்து மேசையில் ஒரு ஜப்பானியப் பெண் இருந்தாள். என் வயதுதான். டெனிஷ் பொறியியலாளர் ஒருவரைக் கட்டி வந்தவள். எந்த நேரமும் நீலக் காற்சட்டை, ஆண்பிள்ளைத் தலைமயிர். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது டெனிஷ் மட்டுமே, அதிலும் நிகழ்காலம் மட்டுமே. நேற்று நடந்ததையும் நாளை நடக்கப் போவதையும் இப்போது நடப்பதாகச் சொல்லிக்கொண்டோம்.

மாசி மாதம் கடை ஆசிரியை ஒரு 'கலாசார மாலை' ஏற்பாடு செய்தார். தேவாலய மண்டபத்தில், அவரவர் நாட்டு உடையில் வரவேண்டும். மொழிப்பள்ளிக்கும் வந்து ஒவ்வொருவராகக் கேட்டார். ஜப்பானியப் பெண்ணின் முகம் வாடிவிட்டது.

"நான் கிமோனோ வைத்திருப்பதில்லை," என்றாள் என்னிடம்.

"நான் வைத்திருக்கிறேன். ஒரு பெட்டி," என்றேன்.

அவள் என் வாக்கியத்தைப் பிழை என்று நினைத்து, மெதுவாகத் திருத்திச் சொல்லித் தந்தாள்: "ஒரு பெட்டி வைத்திருக்கிறேன்."

அன்று பின்னேரமே அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆண்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் தொலைபேசி இல்லை. கதவைத் திறந்தால் புகை. புகைக்குள்ளே மாஸ்டர், கறுப்புப் பட்டில், தொப்பியும் தாடியுமாக, கொக்குகளுக்குக் கீழே சாரமும் காலுறையும் தெரிய, அகப்பையோடு திரும்பிப் பார்த்தார். மேசையில் என் கணவர் செங்கபில நிறத்தில் உள்ளி உரித்துக்கொண்டிருந்தார்.

அவள் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

"ஐயோ, அழுறாவோ?" என்று மாஸ்டர் பதறினார். "பிள்ளை, உதுகள் சாமிக்கு வைக்கிறதோ என்னவோ, கேள்!"

அவள் அப்படியே சுவரோடு சறுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்துத் தீர்ந்து கண்ணைத் துடைக்க நல்ல நேரம் எடுத்தது. பிறகு மாஸ்டரைக் காட்டி, தன் டெனிஷ் முழுவதையும் கூட்டிச் சொன்னாள்: "இவர் கலியாணத்தில் நிற்கிறார். இவர் மணமகளின் அம்மா."

நான் தமிழில் சொன்னேன். மாஸ்டர் அகப்பையை இறக்கினார்.

"ஆற்றை அம்மா?"

"பொம்பிளையின்ரை அம்மா, மாஸ்டர். கலியாணத்தண்டு தாய்மார் உடுக்கிறதாம். அதிலும் மேலான மரியாதை உடுப்பாம்."

"அப்ப எனக்கு என்னவாம்?" என்று என் கணவர் சிரித்தார்.

அந்த நீளக் கைகளைத் தொட்டு அவள், "கலியாணம் செய்யாத பெண்," என்றாள். சிரிப்பு மாஸ்டர் பக்கம் மாறியது.

ஆனால் அவளுக்கு உண்மையான அதிசயம் வேறு. மாஸ்டர் கொடிக் கயிற்றால் கைகளைக் கட்டியிருந்த விதம்தான் ஜப்பானில் வேலை செய்யும்போது கட்டும் விதமாம். இரண்டு ஆண்களும் சட்டைப் பொத்தான் போடும் பழக்கத்தில் இடப்பக்கத்தை மேலே விட்டு மூடியிருந்தார்கள். அதுவும் சரியாம். நான் எப்படி மூடுவேன் என்று கேட்டாள். நான் ஒன்றை எடுத்து, டென்மார்க்கில் வாங்கிய என் பிளவுஸ் பழக்கத்தில் வலப்பக்கத்தை மேலே விட்டு மூடினேன். அவள் சிரிக்கவில்லை. விரைந்து வந்து என் கையைப் பிடித்து மாற்றிவிட்டாள்.

"இப்படி மூடுவது செத்தவருக்கு," என்றாள்.

வீட்டில் ஒரேயொரு பெண் நான். ஆண்கள் இருவரும் பெண்களின் உடையைச் சரியாகப் போட்டிருந்தார்கள். நான் மட்டும் பிரேதம்.

இனி அவள் எல்லாம் சொல்லித் தருவாள் என்று நான் நினைத்திருந்தேன். அவளோ இடுப்புப் பட்டையை, ஓபி என்பார்கள், கையில் எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். பாதிச் சேலை நீளம், பலகை போன்ற விறைப்பு.

"எனக்குத் தெரியாது," என்றாள். "இருபது வயதில் ஒரு தடவை உடுக்கிறேன். அழகு நிலையத்தில் இரண்டு பெண்கள் கட்டுகிறார்கள். நான் மூச்சு விடுவதில்லை, சாப்பிடுவதில்லை. அழுகிறேன்."

ஆக, எங்களுக்கு இருந்த ஒரே வழி சில்க்போர்க் நூலகம். அங்கே ஜப்பானிய உடையைப் பற்றி டெனிஷில் ஒரு தடித்த புத்தகம் இருந்தது, படங்களோடு. ஒரு ஜப்பானியப் பெண்ணும் ஒரு தமிழ்ப் பெண்ணும் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, கிமோனோ உடுப்பது எப்படி என்று டென்மார்க்காரரிடம் கற்றுக்கொண்டோம். படத்தில் இருந்த பொம்மைப் பெண்ணுக்கு எல்லாம் இலகுவாக இருந்தது. அவளுக்குக் கைகள் ஆறோ எட்டோ இருந்திருக்க வேண்டும்.

பெண்களின் கிமோனோ உடுப்பவளின் முழு உயரத்துக்கு இருக்கும். மிஞ்சிய நீளத்தை இடுப்பில் தூக்கி, ஒரு மடிப்பாக விட்டு, நாடாவால் கட்டவேண்டும். அவள் எனக்குத் தூக்கிக் கட்டினால் ஒரு பக்கம் ஏறும், மறுபக்கம் இறங்கும். அங்கேதான் எனக்குச் சேலை கைகொடுத்தது. விளிம்பை நிலத்தோடு மட்டம் பார்த்துப் பிடிப்பது, சுருக்கை விரலால் நீவி விடுவது, ஊசியில்லாமல் நிற்கவைப்பது எல்லாம் என் கைக்குத் தெரிந்த வேலைகள். ஆனால் என் கைக்குத் தெரிந்தபடியே இடுப்பை இறுக்கி எடுத்ததும் அவள் தலையாட்டி மறுத்தாள். ஒரு குளியல் துவாயை எடுத்து என் இடுப்பில் சுற்றி, பள்ளமான இடத்தை எல்லாம் நிரப்பினாள். மேலிருந்து கீழே ஒரே தூண் மாதிரி ஆகும் வரை விடவில்லை.

"இதென்ன, பானைக்குச் சும்மாடு வைக்கிற மாதிரி?" என்றார் என் கணவர் எட்டிப் பார்த்து.

"நாங்கள் இடுப்பு இருக்கெண்டு காட்ட உடுக்கிறம். இவை இடுப்பே இல்லையெண்டு காட்ட உடுக்கினம்," என்றேன்.

"அப்ப என்னத்தைக் காட்டினம்?"

அதையும் புத்தகத்தில் கண்டுபிடித்தோம். கழுத்துப் பட்டியை ஒரு கைப்பிடியளவு பின்னால் இழுத்து விடவேண்டும். பிடரி தெரியும். அவ்வளவுதான். இவ்வளவு துணிக்குள் அந்த ஒரு கைப்பிடி இடம். அதைப் பார்த்துவிட்டு என் கணவர் சட்டென்று உள்ளே போய்விட்டார். எனக்கு விளங்கிவிட்டது, ஜப்பான்காரர் கணக்குப் பிழையில்லை.

கலாசார மாலைக்கு முதல் நாள் அவள் என் சேலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"நான் இதை உடுக்கிறேன். நீ கிமோனோ உடுக்கிறாய்."

"ஏன்?"

"பத்திரிகைக்காரர் வருகிறார், படம் எடுக்கிறார். படம் என் அம்மாவிடம் போகிறது. நான் பிழையாகக் கட்டினால் அம்மா பார்க்கிறாள். நீ பிழையாகக் கட்டினால் ஒருவரும் பார்ப்பதில்லை."

அதில் ஒரு நியாயம் இருந்தது. சேலைக்குள் அவளால் மூச்சு விடவும் முடிந்தது. அவளுக்கு என் பச்சைச் சேலையைக் கட்டிவிட்டேன். அவள் எனக்குச் செதிள் போட்ட நீலத்தைக் கட்டிவிட்டாள். அது செதிளில்லை, கடல் அலை என்று அப்போதுதான் சொன்னாள்.

மண்டபத்தில் ஆசிரியை எங்கள் இருவரையும் மேடைக்கு அழைத்தார். நான் கொஞ்சம் பயந்தேன். பயப்பட ஒன்றும் இருக்கவில்லை. கிமோனோ எங்கள் உடை என்பதை அவர்தான் எல்லோருக்கும் முந்தி முடிவு செய்தவர். என்னைக் காட்டி, "இலங்கையின் மரபுடை," என்றார். அவளைக் காட்டி, "ஜப்பானின் மரபுடை," என்றார். "அவரவர் உடையில் அவரவர் எவ்வளவு இயல்பாக நிற்கிறார்கள், பாருங்கள்!" மண்டபம் கைதட்டியது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் நின்றோம். பார்த்திருந்தால் முடிந்தது கதை. உள்ளூர்ப் பத்திரிகையிலும் அப்படியே வந்தது, படத்தோடு.

மாஸ்டர் பத்திரிகையை நீண்ட நேரம் பார்த்தார். "எங்கடை பாரம்பரியம் இப்ப அச்சிலையும் ஏறிட்டுது," என்றார். "நான் மீன் பொரிச்சது வீண்போகேல்லை."

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். சேலையோடு அந்த மண்டபத்துக்குப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்கு முன்பு போன இடங்களில் நடந்ததுதான். கோப்பியும் கேக்கும் தந்து, தலையைச் சாய்த்து, யாரை இழந்தாய், எப்படித் தப்பினாய், அம்மா எங்கே இருக்கிறாள் என்று கேட்பார்கள். நல்ல மனதோடுதான் கேட்பார்கள். நான் நிகழ்காலத்தில் பதில் சொல்வேன். செத்தவர்கள் எல்லாம் செத்துக்கொண்டே இருப்பார்கள். அன்று கிமோனோவில் நின்ற என்னிடம் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. இந்தக் கோலம் என்ன கோலம், பட்டை எப்படி நழுவாமல் நிற்கிறது, எத்தனை மணித்தியாலம் எடுத்தது என்று கேட்டார்கள். டென்மார்க்குக்கு வந்து முதன்முறையாகத் துணியைப் பற்றி மட்டும் பேசினேன். அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டேன்.

அதன்பின் அழைப்புகள் வரத் தொடங்கின. முதியோர் இல்லம், பாடசாலை, பெண்கள் சங்கம். போன இடமெல்லாம் மாறி மாறியே உடுத்தோம். யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. எங்கள் கைகள் பழகிவிட்டன. வசந்தம் வருவதற்குள், பேசிக்கொண்டே கட்டி முடிக்கும் அளவுக்குத் தேறிவிட்டோம். வைகாசியில் ஹோர்சன்ஸ் நகரத்திலிருந்து ஒரு தொழிற்சாலைக்காரர் அழைத்தார். வெளிநாட்டு விருந்தினர் வருகிறார்கள், மதிய விருந்துக்கு வந்து வரவேற்க முடியுமா என்று. எந்த நாடு என்று நாங்கள் கேட்கவில்லை.

அன்று நான் அரக்கு நிறக் கிமோனோவைத் தெரிந்தெடுத்தேன். காய்ந்த நாணல், செம்பழுப்பு இலைகள், இலைக்கிடையில் தத்துக்கிளிகள். பெட்டியிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. ரயிலில் போய், மண்டப வாசலில் நின்று, கதவு திறந்ததும் பார்த்தால், மூன்று ஜப்பானியர்கள்.

அவள் என் பின்னால் நின்று மெதுவாக, "நான் வீட்டுக்குப் போகிறேன்," என்றாள்.

போக முடியவில்லை. மூவரும் என்னைக் கண்டு முகம் மலர்ந்து, நன்றாகக் குனிந்து வணங்கினார்கள். நானும் புத்தகத்தில் கண்டபடி குனிந்தேன். அவர்களில் மூத்தவர் ஜப்பானிய மொழியில் நீளமாக என்னவோ சொன்னார். நான் சிரித்தபடி நின்றேன். பிறகு பச்சைச் சேலையும் பொட்டுமாக நின்றவள் ஜப்பானிய மொழியில் பதில் சொன்னாள். மூவரின் தலையும் அவள் பக்கம் திரும்பியது, என் பக்கம் திரும்பியது, திரும்பவும் அவள் பக்கம் போனது. தொழிற்சாலைக்காரர் மட்டும் பெருமையோடு நின்றார்.

அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பெட்டி, மாஸ்டர், மணமகளின் அம்மா, நூலகப் புத்தகம், பத்திரிகை எல்லாம். எனக்குச் சொற்கள் விளங்காவிட்டாலும், அவள் கயிறு கட்டும் சைகையையும் மீன் பிரட்டும் சைகையையும் வைத்து எந்த இடத்தில் நிற்கிறாள் என்று தெரிந்தது. மூத்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு, வாங்கப் போகும் காரைச் சுற்றிப் பார்ப்பவர் போல என்னைச் சுற்றி வந்தார். விளிம்பைப் பார்த்தார், இடுப்பு மடிப்பைப் பார்த்தார், பின்னால் போய் ஓபியின் முடிச்சை வெகுநேரம் பார்த்தார். ஏதோ சொன்னார்.

"எல்லாம் சரி என்கிறார்," என்று அவள் சொன்னாள். "ஆனால்..." அவள் முகம் சிவந்தது. "இது ஐப்பசி மாதம் என்கிறார்."

"வைகாசி என்று சொல்."

"இல்லை. உன் மேல் ஐப்பசி. இலை விழுகிற காலத்துக் கிமோனோ இது. வசந்தத்தில் உடுப்பதில்லை. எனக்கும் தெரியும். நான் மறக்கிறேன்."

நாங்கள் இவ்வளவு நாளும் மடிப்பையும் முடிச்சையும் படித்தோமே தவிர, துணியில் இருந்ததைப் படிக்கவில்லை. மூத்தவர் விளக்கினார், அவள் சொல்லச் சொல்ல நான் கேட்டேன். பூ பூப்பதற்குச் சற்று முந்தியே அந்தப் பூப் போட்ட கிமோனோவை உடுக்கவேண்டுமாம். மரம் பூத்த பிறகு உடுத்தால் மரத்தோடு போட்டி போடுவது போலாகுமாம். மரம்தான் வெல்லும். பருவத்துக்குப் பின்தங்கி உடுப்பது அதைவிட மோசமாம். நான் அரை வருடம் பின்தங்கி நின்றேன். அவமானமாக இருந்தது. ஆனால் ஒரு துணிக்காக இவ்வளவு யோசித்த ஆட்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பது சந்தோஷமாகவும் இருந்தது. டெனிஷ்காரர் பங்குனியில் ஒரு நாள் வெயிலைக் கண்டதும் நடுங்கிக்கொண்டே மெல்லிய சட்டையோடு தெருவில் திரிவதை அதுவரை பைத்தியம் என்று நினைத்திருந்தேன். அவர்களும் பருவத்துக்கு முந்தித்தான் உடுக்கிறார்கள் போலும்.

அந்த நேரம் பார்த்து வெளியே ஆலங்கட்டி மழை கொட்டத் தொடங்கியது. ஜன்னல் கண்ணாடி படபடவென்று அடித்தது. மூத்தவர் எட்டிப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்து, மிகுந்த மரியாதையோடு குனிந்து, ஏதோ சொன்னார்.

"மன்னிப்புக் கேட்கிறார்," என்றாள் அவள். "இந்த நாட்டுக்கு இது சரிதான் என்கிறார்."

திரும்பி வரும் ரயிலில் நாங்கள் உடை மாற்றவில்லை, மாற்ற இடமுமில்லை. எதிரே இருந்த ஒரு முதியவள் சேலையைப் பார்த்து, "நீ இந்தியாவா?" என்று அவளைக் கேட்டாள். அவள் களைத்துப் போயிருந்தாள். "யா," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். சற்று நேரத்தில் டிக்கெட் பார்ப்பவர் வந்தார். கிமோனோக்காரிகள் செய்வதைப் புத்தகத்தில் பார்த்திருந்ததால், போகும்போதே இருவரின் டிக்கெட்டையும் நான் ஓபிக்குள் செருகியிருந்தேன். விருந்தில் குனிந்து குனிந்து எழும்பியதில் அவை உள்ளே இறங்கிவிட்டன. விரலை விட்டேன், எட்டவில்லை. அவளும் விட்டுப் பார்த்தாள்.

"டிக்கெட் இருக்கிறது," என்று அவள் அவரிடம் சொன்னாள். "இவளுக்குள் இருக்கிறது."

அவர் காத்திருந்தார். வேறு வழியில்லாமல் நான் எழுந்து நடைவழியில் நின்றேன். அவள் முடிச்சை அவிழ்த்தாள். ஓபி விறைப்பாக வெளியே வரத் தொடங்கியது. தரை நனைந்து அழுக்காக இருந்ததால் அவள் நுனியை அவரிடம் நீட்டினாள். அவர் டிக்கெட் துளைக்கும் கருவியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கி, பின்னால் நடந்தார். நான் மெதுவாகச் சுழன்றேன். ரயில்பெட்டியில் இருந்தவர்கள் கால்களை மடக்கி வழி விட்டார்கள். ஒரு சுற்று, இன்னொரு சுற்று, பிறகு நாடாக்கள், பிறகு துவாய். துவாய்க்குள்ளிருந்து இரண்டு டிக்கெட்டுகள் விழுந்தன.

அவர் நுனியைப் பத்திரமாக ஒரு இருக்கையின் முதுகில் போட்டுவிட்டு, டிக்கெட்டுகளைப் பொறுக்கி, துளைத்து, எங்களிடம் தந்தார். "நல்ல பயணம்," என்றார். அடுத்த பெட்டிக்குப் போகும் கதவை அவர் திறக்கும்போது நான் காலையிலிருந்து முதற்தடவையாக முழு மூச்சு எடுத்தேன்.